இரண்டு துறைகளும் ஒரு மணி நேரமும்

சிறு பத்திரிகை வட்டாரத்தில் சமரசம் என்பது வசைச்சொல். ஒருவர் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினால் சமரசம். பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பொன்னாடை போர்த்திக்கொண்டால் சமரசம். நண்பனின் மோசமான கவிதைத் தொகுதிக்கு முன்னுரை கொடுத்தால் அது மன்னிக்க முடியாத சமரசம். ஆனால் இதே சொல் இதே மொழியில் வேறு வாழ்க்கையும் வாழ்ந்திருக்கிறது. ராமலிங்க சுவாமிகள் 1872ல் தம் சங்கத்துக்கு மாற்றி வைத்த பெயரில் சமரசம்தான் முதலில் நிற்கிறது. சுத்தம், சன்மார்க்கம், சத்தியம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. என் பிழைப்பிலும் இந்தச் சொல்லுக்கு மரியாதை உண்டு. வாராக்கடன் கோப்புகளைச் சுமந்துகொண்டு லோக் அதாலத்தில் போய் உட்கார்ந்திருப்பது வங்கியில் என் வேலைகளில் ஒன்று. 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி அங்கே எட்டப்படும் முடிவின் மீது அப்பீல் கிடையாது. வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தவணையைக் கொஞ்சம் நீட்டி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் விவகாரம் தீர்ந்தது. தொகை என்பது வகுபடக்கூடிய வஸ்து. அதனால்தான் அது தீர்கிறது.

வகுபடக்கூடியது எது, வகுபடாதது எது என்ற கேள்வி எனக்கு எழுந்தது நீதிமன்றத்தில் அல்ல, நான் படித்த கல்லூரியில். அங்கே தமிழ்த் துறைக்கும் ஆங்கிலத் துறைக்கும் ஒரு பேப்பரை முன்னிட்டுத் தகராறு. நான் ஆங்கிலத் துறையில் பி.ஏ. படித்தவன், தமிழில் விமர்சனம் எழுதுகிறவன், முன்னாள் மாணவர் சங்கத்தின் பொருளாளரும்கூட. முதல்வர் என்னைக் கூப்பிட்டார். “சார், நீங்க ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள். ரெண்டு ஹெச்.ஓ.டி.யும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்ல. நீங்க கொஞ்சம் உக்காந்து பேசிடுங்க” என்றார். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதற்கு இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாதவன் என்றும் அர்த்தம் உண்டு. மத்தியஸ்தத்துக்கு அதுதான் தகுதி என்று நினைத்தார் போலும்.

தகராறின் மேற்பரப்பு இது. பி.ஏ. தமிழ் மூன்றாம் வருஷத்தில் மொழிபெயர்ப்பியல் என்று ஒரு பேப்பர். வாரம் ஐந்து மணி நேரம். பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் வருஷத்திலும் அதே பெயரில், அதே ஐந்து மணி நேரத்தில் ஒரு பேப்பர். கல்லூரி தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, இரண்டையும் பொதுவாக ஒன்றாக்கிவிடலாம் என்று முதல்வர் முடிவு செய்தார். யோசனை மோசமானதில்லை. ஆனால் அந்த ஐந்து மணி நேரம் யாருக்கு?

நான் முதலில் கேட்டது இரண்டு துறைகளின் டைம்டேபிளை. இது குமாஸ்தா புத்தி. யாராவது கொள்கை பேசினால் பேரேட்டைக் கேட்கத் தோன்றும். பேரேடு சொன்ன கதை வேறு. இரண்டு வருஷமாகக் கணிதத்தில் ஒரு பிரிவுக்கு மாணவர்கள் சேராமல் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். நம் கலைக் கல்லூரிகளில் முதல் இரண்டு வருஷமும் எந்தப் பிரிவானாலும் பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் படித்தாக வேண்டும். அங்கே ஒவ்வொன்றுக்கும் வாரம் ஆறு மணி நேரம். முதல் வருஷ வகுப்பு போனபோது ஆறு, இரண்டாம் வருஷ வகுப்பு போனபோது இன்னொரு ஆறு. ஆக, கணிதப் பிரிவு மூடியதில் தமிழ்த் துறை பன்னிரண்டு மணி நேரத்தை இழந்திருந்தது, ஆங்கிலத் துறையும் பன்னிரண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் ஓர் உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பு. பன்னிரண்டோடு மொழிபெயர்ப்பியலின் ஐந்தும் போனால் பதினேழு. பதினாறு போனால் ஓர் ஆள் போனார் என்று அர்த்தம்.

அந்த ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயரைச் சொல்லவில்லை. தமிழ்த் துறையில் நிர்வாகமே சம்பளம் கொடுக்கும் ஓர் அம்மா. முனைவர் பட்டம் வாங்கியவர். ஆங்கிலத் துறையில் அதே நிலையில் ஓர் இளைஞர். பேப்பரை இழக்கும் துறை இவர்களில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். கணக்குப் படிக்க வராத பையன்களுக்காகத் தமிழும் ஆங்கிலமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஆனால் சண்டையில் காதில் விழுந்ததெல்லாம் மொழிப்பற்று, தரம், மூலத்துக்கு விசுவாசம் என்ற பெரிய வார்த்தைகள்.

இரண்டு துறைகளின் அறைகளுக்கும் நடுவே ஒரு படிக்கட்டுதான் உண்டு. மாடியில் ‘சார்’, ‘மேடம்’. கீழே ‘ஐயா’, ‘அம்மா’. கீழே தலைவர் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டார். “தம்பி, அவங்க இலக்கணக் குறிப்பு கேட்டா நம்மகிட்ட வருவாங்க. மேடையில ஆள் வேணும்னா வருவாங்க. பேப்பர்னு வந்தா மட்டும் தமிழ் எதுக்குன்னு கேப்பாங்க” என்றார். மாடியில் இருந்தவர் எனக்கே பாடம் நடத்தியவர். “ஏம்ப்பா, மூலத்த ஒரு வரி படிக்க வராம எதைப்பா மொழிபெயர்க்கறது?” என்றார். இருவர் சொன்னதிலும் நிஜம் இருந்தது. தமிழாசிரியர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்து, பண்டிதர் என்று ஒதுக்கி உட்கார வைத்த காலத்தின் வடு இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆங்கிலத் துறைக்காரர்களுக்கோ, தம் சொந்த ஊரிலேயே அந்நிய மொழியின் ஏஜெண்டாகப் பார்க்கப்படும் சலிப்பு.

மணி நேரங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பள்ளியில் தமிழ் படிக்காமல் வந்தவர்களுக்கு அடிப்படைத் தமிழ் என்று வாரம் இரண்டு மணி நேரம் டைம்டேபிளில் இருந்தது. அந்த வகுப்பு நடக்கவே இல்லை, பையன்கள் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துப் பரீட்சை எழுதினார்கள். பிற துறை மாணவர்களுக்கான விருப்பப் பாடத்தில் தமிழுக்கு உரிய இன்னொரு இரண்டு மணி நேரம் வேறு துறையின் பெயரில் கிடந்தது. ஆங்கிலத்தில், பேச்சுப் பயிற்சி வகுப்பு நான்கு மணி நேரத்துக்கு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பணம் எங்கள் சங்கத்திலிருந்துதான் போகிறது; வவுச்சரில் கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்த நான்கையும் துறைக்குத் திருப்பினால் போதும். இப்போது பேப்பர் எந்தப் பக்கம் போனாலும் இழப்பு பதின்மூன்றைத் தாண்டாது. ஆள் இழப்பு இல்லை. முதல்வர் ஒப்புக்கொண்டார். இரண்டாவது சந்திப்பிலேயே இது முடிந்துவிட்டது.

சண்டையும் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பொருளாதாரக் காரணத்தை நீக்கிவிட்டால் மேலே மிதக்கும் கருத்துகள் தாமே வடிந்துவிடும் என்று நம்புகிற நண்பர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால் நடந்தது அதற்கு நேர்மாறு. வேலை போகும் பயம் விலகியதும்தான் இரண்டு தலைவர்களும் நிஜமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். மூன்றாவது சந்திப்பில் இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது. அந்தக் கல்லூரியில் மாணவனாக இருந்த மூன்று வருஷத்தில் நான் கேட்காத பேச்சு. மொழிபெயர்ப்பு எந்த மொழியின் காரியம்? வெளியே போகும் மொழியுடையதா, உள்ளே வாங்கும் மொழியுடையதா? தமிழ் வெறும் பாத்திரமா என்று கீழ்த்தளத்துக்காரர் கேட்டார். பாத்திரத்தின் வடிவத்தைத்தான் நீர் எடுக்கும் என்றால் நீருக்கு என்ன மரியாதை என்று மாடிக்காரர் கேட்டார். இருவர் முகத்திலும் சிவப்பு. எனக்கோ சந்தோஷமாக இருந்தது.

கான்ட் 1798ல் வெளியிட்ட ஒரு நூலின் பொருளே பல்கலைக்கழகப் பீடங்களின் மோதல்தான். அன்றைய ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் இறையியல், சட்டம், மருத்துவம் மூன்றும் மேல் பீடங்கள்; தத்துவம் கீழ்ப் பீடம். மேல், கீழ் என்பது அறிவின் தரவரிசை இல்லை. ஜனங்களின் ஆன்மாவையும் சொத்தையும் உடம்பையும் கவனிக்கிற முதல் மூன்றில் அரசாங்கத்துக்கு அக்கறை இருந்தது. அதனால் அவை மேலே. இதைக் கான்ட் பட்டுத் தெரிந்துகொண்டவர். மதம் பற்றி எழுதியதற்காக 1794ல் பிரஷ்ய மன்னரின் கண்டனக் கடிதம் வந்து, அந்த விஷயத்தில் இனி வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். மன்னர் 1797ல் இறந்த பிறகுதான் இந்தப் புத்தகம் வந்தது. அதில் அவர் மோதலை இரண்டாகப் பிரிக்கிறார். ஜனங்களிடம் யாருக்குச் செல்வாக்கு என்று பீடங்கள் போட்டியிடுவது முறைகெட்ட மோதல். எது உண்மை என்று வாதிடுவது முறையான மோதல். இந்த இரண்டாவதற்கு முடிவே கிடையாது என்கிறார். பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி மாதிரி தத்துவப் பீடம் இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதைவிட முக்கியம், அந்த மோதலை நட்பான உடன்பாட்டால் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது என்று அவர் சொல்வது. வழக்கு மாதிரி அதற்குத் தீர்ப்புத்தான் வேண்டும்; தீர்ப்புச் சொல்ல வேண்டியது பகுத்தறிவு. ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டால் பாதி உண்மை என்று ஒன்று மிஞ்சாது.

இதற்கு இந்த நூற்றாண்டுக்கும் நம் நிலைமைக்கும் நெருக்கமான உதாரணம் நைரோபி. கென்யா 1963ல் சுதந்திரம் அடைந்தது. நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் 1968 செப்டம்பரில், ஆங்கிலத் துறையின் பொறுப்புத் தலைவரான ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கலைப் பீடக் குழுவுக்கு ஒரு யோசனை வைத்தார்: துறை எப்படி வளரலாம், மற்றத் துறைகளோடு அதன் உறவு எப்படி இருக்கலாம் என்பது பற்றி. நிர்வாகக் கண்ணோட்டத்தில் நியாயமான யோசனைதான். அதற்கு அக்டோபர் 24ந் தேதி மூன்று பேர் பதில் எழுதினார்கள்: கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவூர்-அன்யும்பா, தபான் லோ லியோங். தங்கள் துறைக்கு இத்தனை மணி நேரம் வேண்டும், ஆப்பிரிக்க இலக்கியத்துக்கு இன்னும் இரண்டு பேப்பர் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆங்கிலத் துறையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஒரு பண்பாட்டின் தொடர்ச்சியை மையமாக வைத்துத்தான் இலக்கியம் படிக்க வேண்டுமென்றால் அது ஏன் ஆப்பிரிக்காவாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் கேள்வி. ஐரோப்பிய இலக்கியத்தை விலக்கச் சொல்லவில்லை; வாய்மொழி மரபிலிருந்தும் ஸ்வாஹிலியிலிருந்தும் தொடங்கி வெளியே பார்க்கச் சொன்னார்கள். அந்த விவாதத்தின் விளைவாக அங்கே ஆங்கிலத் துறையின் இடத்தில் இலக்கியத் துறை வந்தது. கூகி அந்தக் கடிதத்தை 1972ல் தம் கட்டுரைத் தொகுதியில் சேர்த்தார். 2025 மே மாதம் அவர் இறந்தபோது நாவல்களைப் பற்றித்தான் பலரும் எழுதினார்கள். ஒரு பீடக் குழுவின் காகிதக் கட்டிலிருந்து ஒரு கண்டத்தின் கல்வியில் விரிசல் உண்டாக்கியவர் என்பது எனக்கு அதற்குக் குறைந்ததாகப் படவில்லை.

நைரோபியில் ஒரு நல்ல மத்தியஸ்தர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு பேப்பர் கூடக் கிடைத்திருக்கும். எல்லோரும் தேநீர் சாப்பிட்டுக் கலைந்திருப்பார்கள்.

இங்கே கேள்வி எவ்வளவு பெரியது என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தமிழில் நவீன விமர்சனம் இரண்டு துறைகளுக்கும் வெளியே, தெருவில் பிறந்தது. சி.சு. செல்லப்பா 1959ல் ‘எழுத்து’வை ஆரம்பித்தபோது எந்தத் துறையும் அவருக்கு நாற்காலி போடவில்லை. தமிழ்த் துறை பாரதியோடு நின்றிருந்தது. ஆங்கிலத் துறை எலியட்டோடு. பாரதியையும் எலியட்டையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்தவர்கள் ஆசிரியர்கள் அல்ல. வங்கியிலும் தபாலாபீஸிலும் பத்திரிகை ஆபீஸிலும் பிழைத்தவர்கள். இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைக்கு இடம் உண்டுதான். ஆனால் இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. நூறு பிரதி அச்சடித்து நாம் பேசிக்கொள்ளும் விஷயம், வருஷத்துக்கு அறுபது எழுபது பிள்ளைகள் உட்காரும் ஒரு வகுப்பறையில் பேசப்படவில்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் படிப்பாளிகள். அவர்களுக்கு வீட்டில் மேஜையும் கிடையாது, எலியட்டும் கிடையாது.

ஆகவே நான் ஒன்றைத்தான் முன்வைத்தேன். பேப்பரைப் பிரிக்க வேண்டாம். ஐந்து மணி நேரமும் இரண்டு ஆசிரியர்களும் ஒன்றாக வகுப்பில் நிற்கட்டும். ஒரே கரும்பலகை, மூலமும் மொழிபெயர்ப்பும் அதில் அக்கம்பக்கமாக. மேலே நடந்த சண்டை மாணவர்களுக்கு முன்னால் நடக்கட்டும். இரண்டு தலைவர்களும் இதை மறுக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். மறுத்தவர் முதல்வர். அவருடைய காரணத்தைக் கேலி செய்ய முடியாது. “சார், ரெண்டு பேர் ஒரே ஹவர்ல நின்னா யார் பேர்ல எழுதறது? ஜே.டி. ஆபீஸ் ஆடிட்ல கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் போட்டா பத்து மணி நேரம்னு ஆயிடும். ஒருத்தருக்குப் போட்டா இன்னொருத்தர் சும்மா நிக்கிறார்னு ஆயிடும்.” பதிவேட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பெயர். அதுதான் விதி. நம் கல்வி அமைப்பில் இரண்டு பேர் சேர்ந்து யோசிப்பதற்கு ஒரு பத்தி ரூல் போட்டு வைக்கவில்லை.

கடைசியில் முதல்வர் பேப்பரை அலகு அலகாகப் பிரித்தார். மூன்று அலகு தமிழுக்கு, இரண்டு ஆங்கிலத்துக்கு. மறு வருஷம் மாற்றிக்கொள்ளலாம். கேள்வித்தாளும் அதே விகிதம். இரண்டு துறைகளும் திருப்தி. ஹெச்.ஓ.டி.க்கள் பேசிக்கொள்கிறார்கள். முதல்வர் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். மணி நேரங்களைப் பொறுத்தவரை நடந்தது நியாயமான தீர்வு. இரண்டு பேரின் அடுப்பு எரிகிறது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு என்ற காரியம் அந்தக் கல்லூரியில் இனி நடக்காது. மூன்று அலகுக்குத் தமிழும் இரண்டு அலகுக்கு ஆங்கிலமும் நடக்கும். நடுவில் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடம் யாருடைய டைம்டேபிளிலும் இல்லை.

ஒரு முறை மட்டும் அது இருந்தது. வேலை தப்பிய அந்த இரண்டு பேரும், தமிழ் அம்மாவும் ஆங்கில இளைஞரும், ஒரு சனிக்கிழமை, பதிவேட்டில் எழுதாமல், இரண்டு வகுப்பு மாணவர்களையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பலகையில் ஒரே ஒரு சொல்: ஊர். இதற்கு ஆங்கிலம் என்ன? வில்லேஜ் என்றான் ஒருவன். அப்படியானால் மதுரைக்காரன் எந்த ஊர் என்று கேட்டால் என்ன செய்வாய் என்றார் இளைஞர். நேட்டிவ் பிளேஸ் என்றாள் ஒரு பெண். அது இந்தியாவைத் தாண்டினால் செல்லாத ஆங்கிலம் என்றார் அவர். ஊர் என்பது இடம் மட்டுமில்லை, அங்கே இருக்கும் ஜனங்களும்தான், ஊரே திரண்டு வந்தது என்கிறோம் அல்லவா என்று அம்மா சொன்னார். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் இல்லை என்று இருவரும் ஏறத்தாழ ஒத்துப்போகும் கட்டத்தில், பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“அம்மா, ஊர்னா நாங்க இல்லையே. எங்க பக்கம் ஊருன்னா அந்தப் பக்கம். நாங்க காலனி.”

வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா பலகையில் ஊர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காலனி என்று எழுதினார். இளைஞர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலனி ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். சேரி என்று சொல்லக் கூசி நாம் வாங்கிக்கொண்டது. இப்போது அதற்குள்ளும் அதே கூச்சம் குடியேறிவிட்டது. வில்லேஜ் என்று மொழிபெயர்த்தால் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் கிடக்கும் தெரு அழிந்துபோகிறது. தமிழில் ஊர் என்று சொன்னாலும் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஊருக்குள் இருப்பவர்களுக்கு. இரண்டு மொழிகளும் தனித்தனியே மூடி வைத்திருந்த ஒன்றை, இரண்டையும் அருகருகே வைத்தபோது அந்தப் பையன் பார்த்துவிட்டான். இது தமிழ்த் துறையின் பாடத்திலும் இல்லை, ஆங்கிலத் துறையின் பாடத்திலும் இல்லை. இருவரும் விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான் அவனுக்கு எழுந்திருக்க இடம் கிடைத்தது.

துறைகளுக்கிடையே சமரசம் பண்ணி வைக்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அமைதியைத்தான் கேட்கிறார்கள். மணி நேரம், அறை, நாற்காலி, சம்பளம் இவற்றில் அமைதி வேண்டியதுதான். அவற்றை எண்ணிப் பிரித்துக் கொடுத்துவிடலாம், அதற்கு ஒரு குமாஸ்தா போதும். எண்ண முடியாதது மிஞ்சும்போது எழுந்து வந்துவிட வேண்டும், இரண்டு தரப்பையும் ஒரே அறையில் விட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்து, பிள்ளைகள் காதில் விழும்படியாக. அந்த அறைக்கான ஒரு மணி நேரத்தை இரண்டு பெயர்களில் எழுதப் பதிவேட்டில் இடம் கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். இரண்டு துறைத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜே.டி. ஆபீஸிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.